இன்டர்வியூ ஆங்கிலம்: கோச்சிங் சென்டரா, தனி ஆசிரியரா, நண்பர் குழுவா, கைப்பேசியா?

படிப்பு முடிந்து சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. கடலூர் குடிகாடு சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை, புதுச்சேரியில் ஒரு ஹோட்டல், சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனம் என்று எங்கிருந்தாவது அழைப்பும் வருகிறது. தான் கற்ற வேலையைப் பற்றித் தமிழில் கேட்டால் அரை மணி நேரம் விளக்கிச் சொல்லும் பிள்ளை, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் வாயடைத்துப்போகிறது. எங்கே சேர்த்தால் சரியாகும் என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பேருந்து நிலையச் சுவரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரம் இருக்கிறது. தெருவில் ஓர் ஆசிரியர் தனியாகச் சொல்லித்தருகிறார். கைப்பேசியோடு பேசியே பழகலாம் என்கிறார் தம்பி.

இவற்றில் ஒன்றைக் காட்டி எல்லோருக்கும் இதுதான் நல்லது என்று சொல்ல முடியாது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். பணம் கட்டுவதற்கு முன்பு அந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், வாரத்துக்கு எத்தனை நிமிடம் நீங்களே ஆங்கிலத்தில் பேசுகிறீர்கள் என்பது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் சேராது. 20 பேர் இருக்கும் ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் பாதி நேரம் பேசினால் மீதி 30 நிமிடம். 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்றரை நிமிடம். வாரம் ஐந்து வகுப்புக்கு ஏழரை நிமிடம். உங்கள் சுய அறிமுகத்தை ஐந்து முறை சொல்லிப் பார்க்கும் நேரம்தான் அது. கேட்பதாலும் படிப்பதாலும் புரிதல் வளரும். பதில் தடையில்லாமல் வர வேண்டுமானால் வாய் பழக வேண்டும். மற்ற எந்த அளவுகோலையும்விட இதற்கே அதிக எடை கொடுங்கள்.

இரண்டாவது, பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருக்கிறதா. திருத்த ஆளில்லாமல் தினமும் பேசினால் தவறே பழக்கமாகிவிடும். மூன்றாவது, பயிற்சி உங்கள் வேலைக்கு ஏற்றதா. ஹோட்டல் ஃப்ரன்ட் ஆபீஸில், கோபமாக வந்த விருந்தினரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்பார்கள். தொழிற்சாலையில் ஷிஃப்ட், பாதுகாப்புக் கவசம், இயந்திரப் பழுது பற்றிக் கேட்பார்கள். கால் சென்டரில் தொலைபேசியிலேயே முதல் சுற்று நடக்கும், உச்சரிப்பையும் கவனிப்பார்கள். மூன்றுக்கும் ஒரே பாடக்குறிப்பு உதவாது. நான்காவது, மொத்தச் செலவு: கட்டணத்தோடு பேருந்துச் செலவையும், போக வர ஆகும் நேரத்தையும், அந்த நேரத்தில் விட்டுப்போகும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது, இன்டர்வியூவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது.

தேர்வு செய்யும் முன் இரண்டு நிமிடச் சோதனை

கைப்பேசியின் ரெக்கார்டரைப் போட்டு, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் இரண்டு நிமிடம் உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுங்கள். உடனே கேட்க வேண்டாம், மறுநாள் கேளுங்கள். முதல் வாக்கியம் வர எத்தனை நொடி ஆனது, முழுதாக முடிந்த வாக்கியங்கள் எத்தனை, பேச்சு எங்கெங்கே நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு நிமிடத்தில் ஐந்து முழு வாக்கியம்கூட வரவில்லை என்றால் நீங்கள் முதல் வகை: வாய் திறப்பதே சிக்கல். பேச்சு ஓடுகிறது, ஆனால் காலமும் வினையும் தடுமாறுகின்றன என்றால் இரண்டாம் வகை. ஆங்கிலம் பரவாயில்லை, ஆனால் சொன்னதில் சரக்கே இல்லை, "ஐ யாம் ஹார்ட் வொர்க்கிங்" என்பதைத் தாண்டவில்லை என்றால் மூன்றாம் வகை. மூன்றாம் வகையினர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டும் பணம் வீண். அவர்களுக்கு வேண்டியது பதில், மொழியன்று.

கோச்சிங் சென்டர்

முதல் வகையினருக்கு இது பொருந்தும். நாள் தவறாமல் போக வேண்டிய கட்டாயம், தன்னைப் போலவே தடுமாறும் பத்துப் பேர், அடிப்படை இலக்கணம் வரிசையாக என்று மூன்றும் கிடைக்கின்றன. வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு, ‘தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்’ என்ற தைரியத்தை நல்ல வகுப்பு கொடுத்துவிடும். அதற்காகவே பணம் கொடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு, நேரம். நெல்லிக்குப்பத்திலோ பண்ருட்டியிலோ இருந்து கடலூர் வந்து போனால் ஒரு மணி நேர வகுப்பு அரை நாளைத் தின்றுவிடும். மாநில எல்லையைப் பார்க்காமல் தூரத்தைப் பாருங்கள். புதுச்சேரி எல்லையிலுள்ள கன்னியக்கோயில் பக்கம் இருப்பவருக்குப் புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூரே கிட்டம்.

இன்னொரு இழப்பு பலருக்கும் தெரிவதில்லை. சென்டர் அச்சடித்துக் கொடுக்கும் மாதிரி பதிலை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே சென்டரில் படித்த நான்கு பேர் ஒரே நாளில் ஒரே நிறுவனத்துக்குப் போனால், நால்வரும் ஒரே வரிசையில் ஒரே பலம், ஒரே பலவீனம் சொல்வார்கள். எதிரே இருப்பவர் இரண்டாவது ஆளிடமே கண்டுகொள்வார். ஒரு துணைக் கேள்வி போட்டால் மனப்பாடம் உடைந்துவிடும்.

சேருமுன் ஒரு மாதிரி வகுப்பில் கைக்கடிகாரத்தோடு உட்காருங்கள். எத்தனை மாணவர் பேசினார்கள், ஒருவர் எவ்வளவு நேரம் பேசினார் என்று பாருங்கள். பிறகு நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? தொடக்க நிலையினரும் ஓரளவு பேசுபவரும் ஒரே பேட்ச்சா? தனித்தனியாக மாக் இன்டர்வியூ (ஒத்திகை நேர்காணல்) எத்தனை முறை, அதை வீடியோ எடுத்துத் தருவீர்களா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? "வேலை உத்தரவாதம்" என்றால் எந்த வேலை, எந்த ஊர், என்ன சம்பளம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்த உறுதிமொழியைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள்.

தனி ஆசிரியர்

45 நிமிட வகுப்பில் நீங்கள் 25 நிமிடம் பேசலாம். வாரம் இரண்டு வகுப்பென்றால் 50 நிமிடம். திருத்தமும் உடனுக்குடன் கிடைக்கும். இரண்டாம் வகையினருக்கும், தேதி நெருங்கிவிட்டவருக்கும் இதுதான் வேகமான வழி. நேரில்தான் வேண்டும் என்பதில்லை, வீடியோ அழைப்பே போதும். முதல் சுற்று வீடியோவில் நடக்கப்போகிறது என்றால் அதுவே மேல்.

ஆளைத் தேர்வதில்தான் தவறு நடக்கிறது. ஆங்கில ஆசிரியர் என்றால் இலக்கணம் தெரியும், உங்கள் வேலை தெரியாது. பம்ப், வால்வு, பெர்மிட் என்று பேச வேண்டிய டிப்ளமோ மாணவருக்கு, நெய்வேலியில் என்.எல்.சி.யில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கிடைத்தால் அவர் நடத்தும் மாக் இன்டர்வியூ பத்து இலக்கண வகுப்புக்குச் சமம். நர்சிங் முடித்தவர் பெரிய மருத்துவமனையில் பணிபுரியும் மூத்த செவிலியரைத் தேடட்டும். உறவிலும் தெருவிலும் விசாரித்தால் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். நான்கு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முதல் வகுப்புக்கே ரெஸ்யூமே, வேலை விளம்பரம், இரண்டு நிமிட ரெக்கார்டிங் மூன்றையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பேச்சை நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதில் முடிந்ததும் மூன்று பிழைகளைச் சொல்லி, அதே பதிலை மறுபடி பேச வைப்பதுதான் பலன் தரும். வார்த்தைக்கு வார்த்தை தடுத்தால் உள்ள தைரியமும் போய்விடும்.

பதிலைக் கட்டும் முறையையும் இங்கேதான் கற்க வேண்டும். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன: இந்த நான்கும் அதே வரிசையில். பயிற்சிக் காலத்தில் என்ன கற்றீர்கள் என்று கேட்டால் இப்படிச் சொல்லலாம்: "தேர் வாஸ் எ லீக் இன் தி பம்ப். ஐ வாஸ் ஆன் டியூட்டி. ஐ டோல்டு மை சூப்பர்வைசர். ஹீ ஸ்டாப்டு தி பம்ப். வீ சேஞ்ஜ்டு தி கிளாண்ட் பேக்கிங். தி லீக் ஸ்டாப்டு." எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், எல்லாம் கடந்த காலம். கடினமான ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் வேலை தெரிந்த ஆள் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். ‘விச்’, ‘ஹூ’ போட்டு வாக்கியத்தை நீட்டினால்தான் ஆங்கிலம் என்ற நினைப்பை விடுங்கள். நீண்ட வாக்கியத்தில்தான் வினை தடுமாறும்.

நண்பர் குழு

செலவு கிட்டத்தட்ட இல்லை. பேசும் நேரமோ கோச்சிங் சென்டரைவிடப் பல மடங்கு. ஒழுங்காக நடத்தினால் பெரும்பாலானோருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். ஒழுங்கில்லாமல் நடத்தினால் மூன்றாம் வாரம் அரட்டையாகக் கரைந்துவிடும்.

நான்கு பேர் போதும். ஆறு பேரானால் காத்திருக்கும் நேரம் கூடும். ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் பதில் சொல்பவர், மூன்றாமவர் பிழைகளை மட்டும் எழுதுபவர், நான்காமவர் வீடியோ எடுத்து நேரம் பார்ப்பவர். ஒரு சுற்று 12 நிமிடம்: 8 நிமிடம் கேள்வி பதில், 4 நிமிடம் திருத்தம். நான்கு சுற்றுக்கு 48 நிமிடம். மீதி 12 நிமிடத்தில் ஒவ்வொருவரும் தமது மோசமான பதிலை மூன்று நிமிடம் மறுபடி சொல்ல வேண்டும். மொத்தம் சரியாக ஒரு மணி நேரம். இதில் ஒருவர் சுமார் 9 நிமிடம் பேசுகிறார், வாரம் மூன்று நாள் கூடினால் 27 நிமிடம். கோச்சிங் சென்டரின் ஏழரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி பதில் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கட்டும். திருத்தம் சொல்வது தமிழில் இருக்கட்டும். ஏன் தவறு என்பது தாய்மொழியில் சொன்னால்தான் மனதில் பதியும்.

இடம் ஒரு பிரச்சினையே இல்லை. புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஆங்கில நாளிதழைப் படித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் பாரதி பூங்காவில் உட்கார்ந்து பேசலாம். கடலூரில் மஞ்சை நகர் மைதானம் இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை அழகுதான், ஆனால் மாலைக் காற்றில் ரெக்கார்டிங்கில் குரலே கேட்காது. மாலையில் வெளியே வர முடியாத பெண்கள் வாட்ஸ்அப் குழு அழைப்பிலேயே இதே 12 நிமிடச் சுற்றை நடத்தலாம், பலன் குறையாது.

குழுவின் பெரிய பலவீனம், நால்வரும் ஒரே தவறைச் செய்வது. எல்லோருக்கும் பழகிய தவறு யார் காதிலும் உறுத்தாது. ஆகவே பிழை எழுதுபவர் கையில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். நம் பக்கம் அதிகம் கேட்பவை இவை: "மைசெல்ஃப் ரமேஷ்" வேண்டாம், "ஐ யாம் ரமேஷ்". "மை நேட்டிவ் இஸ் கடலூர்" வேண்டாம், "ஐ யாம் ஃப்ரம் கடலூர்". "ஐ யாம் கம்ப்ளீட்டட் மை டிகிரி" என்பதில் ‘யாம்’ கூடாது, "ஐ கம்ப்ளீட்டட்" போதும். "ஐ யாம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்பதற்கு "ஐ ஹேவ் டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". "ஐ டிட் நாட் வென்ட்" என்பது "ஐ டிட் நாட் கோ" ஆக வேண்டும். ‘டிட்’ வந்தபின் வினை கடந்த காலம் ஏற்காது. "வீ டிஸ்கஸ்டு அபௌட்" என்பதில் ‘அபௌட்’ மிகை. "ஐ யாம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்" என்பதை "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்" என்று மாற்றுங்கள்.

உச்சரிப்பில் ‘ஸ்கூல்’ ‘இஸ்கூல்’ ஆவதும், ‘ஷீ’ ‘ஸீ’ ஆவதும், ‘எக்ஸாம்’ ‘யெக்ஸாம்’ ஆவதும் எழுதப்படட்டும். தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே என்பதால் ‘பேக்’ என்று எழுதினால் முதுகா, பையா, பொட்டலமா என்று தெரியாது. பேசும்போதும் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஜோடிச் சொற்களைத் தினம் ஐந்தாகச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். தமிழ் வாடையை முழுக்க மறைக்க வேண்டியதில்லை. சொல் தெளிவாகக் காதில் விழுந்தால் போதும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நட்புக்காக "சூப்பர்டா" என்று சொல்லிப் பழகிய குழுவை அவர் ஒரே மணி நேரத்தில் நிமிர்த்திவிடுவார்.

கைப்பேசி

யூடியூப் பாடம் கேட்பது பயிற்சி ஆகாது. கைப்பேசியின் மெய்யான பயன் வேறு இரண்டு. ஒன்று, ரெக்கார்டர். இன்னொன்று, குரலில் டைப் செய்யும் வசதி. மொழியை இந்திய ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். திரையில் வேறு சொல் வந்தால் அந்த உச்சரிப்பைக் கவனிக்க வேண்டும். முழு வாக்கியமாகச் சொன்னால் முன்பின் சொற்களை வைத்து அதுவே ஊகித்துச் சரிசெய்துவிடும், உங்கள் தவறு தெரியாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பதில் எழுதி வாங்குவதுதான் இப்போது நடக்கும் பெரிய தவறு. அது கொடுக்கும் ஆங்கிலம் உங்கள் வாயில் உட்காராது. சொல்லும் அனுபவமும் உங்களுடையதாக இருக்காது. கேள்வி கேட்கும் ஆளாக அதை வையுங்கள். தமிழிலேயே கட்டளை கொடுக்கலாம்: "இந்த வேலைக்கு என்னை இன்டர்வியூ செய். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். என் பதிலிலிருந்து துணைக் கேள்வி கேள். ஐந்து கேள்வி முடிந்ததும் மூன்று முக்கியப் பிழைகளை மட்டும் சொல். பாராட்ட வேண்டாம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டால் பாராட்டிக்கொண்டே இருக்கும். ஆதார் எண், வீட்டு முகவரி எதையும் அதில் போட வேண்டாம். இலவசக் காலம் முடிந்ததும் பணம் தானாகப் பிடிக்கும் செயலிகள் உண்டு. சேர்ந்த அன்றே சந்தாப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள்.

கைப்பேசி தராத ஒன்று, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் கண். கூச்சம்தான் உங்கள் சிக்கல் என்றால் இது மட்டும் போதாது.

கல்லூரியில் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள்

இன்னும் படிப்பு முடியவில்லை என்றால் இதை முதலில் விசாரியுங்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்குக் கட்டணமின்றித் திறன் பயிற்சி தரப்படுகிறது. கடலூர் மாவட்டக் கல்லூரிகளில் படிப்பவர்கள் தம் கல்லூரியிலேயே கேட்கலாம். அது தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால், புதுச்சேரிக் கல்லூரியில் படிப்பவர் தன் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவை அணுகட்டும்.

ஒரே பார்வையில்

| | வாரத்தில் நீங்கள் பேசுவது | திருத்தம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கோச்சிங் சென்டர் | சுமார் 7½ நிமிடம் | பொதுவாக | பயண நேரம், மனப்பாடப் பதில் | வாய் திறக்கத் தயங்குபவர் |
| தனி ஆசிரியர் | சுமார் 50 நிமிடம் | உடனடி, ஆழம் | வேலை தெரியாத ஆசிரியர் | பிழை அதிகம், நாள் குறைவு |
| நண்பர் குழு | சுமார் 27 நிமிடம் | பட்டியல் இருந்தால் மட்டும் | பொதுவான தவறு ஊறிப்போவது | பெரும்பாலானோர் |
| கைப்பேசி | நீங்கள் வைத்த அளவு | பாதி | சந்தா, பொய்ப் பாராட்டு | தானே ஒழுங்காக இருப்பவர் |

எத்தனை நாள் கையில் இருக்கிறது?

மூன்று மாதம் இருந்து, நீங்கள் முதல் வகை என்றால் கோச்சிங் சென்டரில் சேருங்கள். அங்கேயே மூன்று பேரைப் பிடித்துக் குழுவும் தொடங்கிவிடுங்கள். வகுப்பில் கற்றதைக் குழுவில் பேசாவிட்டால் வகுப்பு பாதிதான் பயன்படும்.

ஒரு மாதம் என்றால் சென்டர் வேண்டாம். பாடத்திட்டம் இன்டர்வியூ கேள்விக்கு வரும் முன் தேதி வந்துவிடும். வாரம் மூன்று நாள் குழு, தினமும் 15 நிமிடம் கைப்பேசி, வாரத்துக்கு ஒன்றாக நான்கு தனி வகுப்பு. கையில் உள்ள பணத்தை அந்த நான்கு வகுப்புக்கு வையுங்கள்.

ஒரு வாரம்தான் என்றால் எங்கும் சேராதீர்கள். இலக்கணப் புத்தகத்தையும் திறக்க வேண்டாம். ஆறு பதில்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சுய அறிமுகம், ஏன் இந்த நிறுவனம், படிப்பில் அல்லது பயிற்சியில் செய்த ஒரு வேலை, சந்தித்த ஒரு சிக்கல், உங்கள் குறை ஒன்று, எதிர்பார்க்கும் சம்பளம். ஒவ்வொன்றையும் முழு வரிகளாக எழுதாமல் நான்கு துணுக்குச் சொற்களாக எழுதி, அதைப் பார்த்துத் தினமும் மூன்று முறை புதிதாகச் சொல்லுங்கள். சொற்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறட்டும். மாறினால்தான் துணைக் கேள்விக்குத் தாங்கும். நடுவில் ஒரு நாள், வேலை தெரிந்த ஒருவரிடம் ஒரே ஒரு மாக் இன்டர்வியூ.

அழைப்பு வந்த எண்ணுக்குப் பேசி, இன்டர்வியூ நேரிலா வீடியோவிலா, எத்தனை சுற்று, முழுக்க ஆங்கிலமா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை. தொழிற்சாலைப் பணிகளில் தொழில்நுட்பக் கேள்விகள் தமிழிலும் வரலாம். அப்படியென்றால் ஒத்திகையின் பாதியைத் தமிழுக்கு ஒதுக்கலாம்.

முந்தின இரவு இரண்டு வாக்கியங்களை மட்டும் இருபது முறை சத்தமாகச் சொல்லிவிட்டுப் படுங்கள். கேள்வி புரியாதபோது: "ஸாரி, குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?" பதில் உடனே வராதபோது: "மே ஐ டேக் எ மொமென்ட் டு திங்க்?" இரண்டாவதைச் சொன்னபின் ஐந்து நொடி மௌனமாக இருக்கலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.